இழப்புக் கணக்கும் இலக்கியச் சான்றும்: 1921 மலபார்க் கிளர்ச்சியும் குமாரன் ஆசானின் ‘துரவஸ்தா’வும்

1. முன்னுரை

கிளர்ச்சிக் காலங்களில் வீடும் உறவும் இழந்தோர் தம் இழப்பினை எடுத்துரைத்துப் பதிந்து வைத்தல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். அவ்வுரை நீதிமன்ற வாக்குமூலமாக அமையலாம். ஆட்சியாளர்க்கு அனுப்பும் விண்ணப்பமாக அமையலாம். கவிஞன் கையில் காவியமாகவும் அமையலாம். வடிவம் எதுவாயினும் அதனைப் பயில்வோர் முன் ஒரு வினா நிற்கின்றது. சொல்லப்பட்ட இழப்பு உண்மையானதே. எனினும் அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்து, சொல்லப்படாது போன இழப்புகளை எங்ஙனம் அறிவது?

1921ஆம் ஆண்டு தென்மலபாரில் நிகழ்ந்த கிளர்ச்சியில் தன் குடும்பம் முழுவதையும் இழந்த ஒரு நம்பூதிரிப் பெண்ணின் கதையைக் கூறும் மலையாளக் காவியம் குமாரன் ஆசானின் ‘துரவஸ்தா’ (1922). இக்காவியத்தை மேற்கூறிய வினாவின் வழி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டிற்காக அயர்லாந்தின் 1641ஆம் ஆண்டு வாக்குமூலங்களும், புறநானூற்றுப் பாரி மகளிர் செய்தியும், செர்ப்புளச்சேரி மோழிக்குன்னத்து பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாட்டின் ‘கிலாபத் ஸ்மரணகள்’ என்னும் நினைவு நூலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தமிழர்க்கு இக்கிளர்ச்சி அயலார் செய்தியன்று. அன்று மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. 1921 நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளை அடைத்துப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த சரக்குப் பெட்டி திறக்கப்பட்டது கோவையை அடுத்த போத்தனூரில். மூச்சுத் திணறி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான ஆலி முஸ்லியார் 1922 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டதும் கோயம்புத்தூர்ச் சிறையிலேயே.

2. இழப்புக் கணக்கு என்னும் வகை

இழப்பினைப் பதிந்து வைத்தலுக்கு உலக வரலாற்றில் மிகப் பெரிய சான்றுகளுள் ஒன்று அயர்லாந்தில் கிடைக்கின்றது. 1609 முதல் அந்நாட்டின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் அரசின் திட்டப்படி குடியேற்றப்பட்டனர். கத்தோலிக்கரான உள்நாட்டார் பலர் நிலமிழந்தனர். 1641 அக்டோபரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது புரோட்டஸ்டண்டுக் குடியேறிகள் வீடுகளினின்று விரட்டப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். தப்பி டப்ளின் அடைந்தோரிடம், ஹென்றி ஜோன்ஸ் என்னும் சமயத் தலைவரின் தலைமையில் அமைந்த குழு வாக்குமூலம் பெற்றது. அவ்வாறு தொகுக்கப்பட்ட ஏறத்தாழ 8,000 வாக்குமூலங்கள் 31 தொகுதிகளாக டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன.

இவ்வாக்குமூலங்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. முதலில் சான்று கூறுவோரின் பெயர், ஊர், நிலை. அடுத்து இழந்த கால்நடை, தானியம், குத்தகை நிலம், வரவேண்டிய கடன் ஆகியவற்றின் பவுன் மதிப்பு. அதன்பின் கண்ட கொடுமைகள். இறுதியில் பிறர் சொல்லக் கேட்டவை. கூறியோருள் கைம்பெண்களும் பலர். ஆர்மா பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பிரைஸ் என்னும் கைம்பெண் தம் குழந்தைகள் ஐவரும் போர்ட்டடவுன் பாலத்தருகே ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டதைக் கூறுகின்றார். அதே வாக்குமூலத்தில், நீரினின்று இடுப்பளவு எழுந்து நின்று பழிவாங்கக் கோரிய ஒரு பெண்ணுருவைத் தாம் கண்டதாகவும் கூறுகின்றார். கணக்கில் தொடங்கிய உரை துயரத்தின் எல்லையில் தோற்றமாக மாறிவிடுகின்றது.

எனவே இத்தகைய உரையினுள் மூன்று அடுக்குகள் உள்ளன எனலாம்: இழந்தது, கண்டது, கேட்டது. மூன்றும் ஒரே தன்மையின அல்ல. இழந்ததை அளக்கலாம், கண்டதைப் பிற சான்றுகளோடு ஒப்பிடலாம், கேட்டது வாய்தோறும் வளரும். 1646இல் ஜான் டெம்பிள் இவ்வாக்குமூலங்களைக் கொண்டு எழுதிய வரலாறு மூன்று அடுக்குகளையும் ஒன்றாகக் கலந்து, இறந்தோர் தொகையை மூன்று லட்சம் வரை உயர்த்தியது. கிளர்ச்சியில் நேரடியாகக் கொல்லப்பட்டோர் சில ஆயிரவர் என்பதே இன்றைய வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு. 1649இல் டிராஹெடா நகரில் நிகழ்த்திய படுகொலைக்குக் கிராம்வெல் காட்டிய நியாயங்களுள் 1641இன் குருதியும் ஒன்று. 1652ஆம் ஆண்டுச் சட்டத்தால் கத்தோலிக்கரின் நிலங்கள் பெருமளவில் பறிக்கப்பட்டன. ஒரு சாராரின் இழப்புக் கணக்கு மறுசாராரின் நிலத்தைப் பறிக்கும் ஆணையாக மாறியமை இதனால் விளங்கும். நிலமிழந்து கிளர்ந்தெழுந்தோரின் முந்தைய இழப்பைக் கேட்டெழுத இத்தகைய குழு எதுவும் அமையவில்லை.

3. வள்ளுவநாட்டுப் பின்புலம்

அயர்லாந்தையும் மலபாரையும் அப்படியே பொருத்திவிட இயலாது. நம்பூதிரிகளும் நாயர்களும் அரசு கொண்டுவந்து குடியேற்றியவர் அல்லர். ஆயினும் நிலவுரிமையில் ஓர் ஒப்புமை காணப்படுகின்றது. மைசூர்ப் படையெடுப்புக் காலத்தில் திருவிதாங்கூருக்குச் சென்றுவிட்ட ஜன்மிகள் பலர், 1792இல் மலபார் கும்பினியார் கைக்கு வந்தபின் திரும்பினர். அவர்களை நிலத்தின் முழு உடைமையாளராகவே ஆங்கில ஆட்சி ஏற்றது. விளைவில் ஜன்மிக்கும் காணக்காரருக்கும் உழுகுடிக்கும் வழிவழியாக இருந்த பங்குரிமை இதனால் சிதைந்தது என வில்லியம் லோகன் 1882ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். உழுகுடிகளுள் பெரும்பகுதியினர் மாப்பிளமார். நிலத்தை விட்டு வெளியேற்றுதல், வேறொருவருக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுத்தல் ஆகியவை அவர்தம் வாழ்வை நிலையற்றதாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் சிறு கிளர்ச்சிகள் தொடர்ந்தமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்பர்.

1921 ஆகஸ்டு 20ஆம் நாள் திரூரங்காடியில் தொடங்கிய கிளர்ச்சி ஏறநாடு, வள்ளுவநாடு, பொன்னானி வட்டங்களில் பரவியது. அன்றைய வள்ளுவநாட்டின் மன்னார்க்காடு, செர்ப்புளச்சேரி, ஒற்றப்பாலம் ஆகிய பகுதிகள் இன்று பாலக்காடு மாவட்டத்தில் அடங்கும். மன்னார்க்காட்டுப் பகுதியில் குமரம்புத்தூர் சீதிக்கோயா தங்ஙள் தலைமை தாங்கினார். கிலாபத் உணர்ச்சியும் குடியானவர் குறையும் காவல்துறையின் அடக்குமுறையும் ஒன்றுசேர்ந்து எழுந்த இக்கிளர்ச்சி, சில இடங்களில் இல்லங்களைக் கொளுத்துவதாகவும், கொலையாகவும், கட்டாய மதமாற்றமாகவும் திரிந்தது. இவற்றை மறுப்பது வரலாறாகாது. அரசுப் படையின் நடவடிக்கையில் 2,300க்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர் மாண்டனர் என்பதும் அவ்வாறே மறுக்கவியலாத அரசுக் கணக்காகும்.

1922ஆம் ஆண்டிலேயே இழப்புக் கணக்குகள் அச்சேறத் தொடங்கின. சென்னை அரசின் சார்பில் டாட்டன்ஹாம் தொகுத்த ஆவணத் தொகுதி அவ்வாண்டில் வெளிவந்தது. பாலக்காட்டை அடுத்த மங்கரையைச் சேர்ந்த சேற்றூர் சங்கரன் நாயர், காந்தியடிகளின் ஒத்துழையாமையை எதிர்த்து எழுதிய நூலில் மலபாரின் கொடுமைகளைச் சான்றாகக் காட்டினார். பஞ்சாப் படுகொலையைக் கண்டித்து 1919இல் வைசிராயின் நிர்வாகக் குழுவினின்று விலகியவரும் அவரே. நிலம்பூர் மூத்த ராணி முதலான மலபார்ப் பெண்கள், வைசிராயின் மனைவியாகிய ரீடிங் சீமாட்டிக்குத் தம் துயர் கூறி விண்ணப்பம் அனுப்பினர். ‘துரவஸ்தா’ பிறந்தது இத்தகைய உரைகளின் நடுவிலேயே.

4. சாவித்திரியின் இழப்பு

காவியத்தின் கதை சுருக்கமானது. கிளர்ச்சியாளர் ஒரு நம்பூதிரி இல்லத்தைத் தாக்கி எரிக்கின்றனர், வீட்டார் கொல்லப்படுகின்றனர். இளம்பெண் சாவித்திரி மட்டும் இருளில் தப்பி ஓடிப் புலையனான சாத்தனின் குடிலை அடைகின்றாள். தீண்டத்தகாதவன் என்று தள்ளி வைக்கப்பட்ட அவன் அவளுக்குப் புகலளிக்கின்றான், மதிப்போடு பேணுகின்றான். அவன் உள்ளத் தூய்மையை உணர்ந்த சாவித்திரி, இறுதியில் அவனையே துணைவனாக ஏற்கின்றாள்.

‘நளினி’, ‘லீலா’, ‘சிந்தாவிஷ்டயாய சீதா’ ஆகியவற்றைப் பாடிய ஆசானின் செறிந்த நடை இதில் இல்லை. எளிய நடையில், சிற்சில இடங்களில் நேரடி அறவுரையாகவே காவியம் நடக்கின்றது. இதனைக் கலைக்குறையாகக் கொள்வாரும் உண்டு. ஆயின் காவியத்தின் கட்டமைப்பை நோக்கின் ஆசானின் தேர்ச்சி புலப்படும்.

வாக்குமூலம் இழந்த பொருளை எண்ணும். இழந்தவரின் பழைய நிலையை மீட்டுத் தருமாறு வேண்டும். ஆசான் அவ்வழியில் செல்லவில்லை. இல்லத்தின் செல்வத்தை அவர் பட்டியலிட்டுக் காட்டவில்லை. அவ்வில்லம் மீண்டும் எழ வேண்டும் என்றும் பாடவில்லை. எரிந்த இல்லத்திலிருந்து வாசகரை ஒரு குடிலுக்கு அழைத்துச் செல்கின்றார். இழப்பதற்கு இல்லமே இல்லாதவன் ஒருவன் அங்கே இருக்கின்றான். அவன் இழந்தவை எந்தக் கலகத்திலும் இழந்தவை அல்ல; அமைதிக் காலத்தில், வழக்கத்தின் பெயரால், தலைமுறை தலைமுறையாக இழந்தவை. வழி நடக்கும் உரிமை, கோயிலில் புகும் உரிமை, கற்கும் உரிமை ஆகியவற்றுக்குப் பவுன் மதிப்பு எழுத எந்த அதிகாரியும் வந்ததில்லை. ஒரு குடும்பத்தின் பதிவான இழப்பைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் பதிவாகாத இழப்பை வாசகர்க்குக் காட்டியதே இக்காவியத்தின் தலையாய வெற்றி என்பது இக்கட்டுரையின் கருத்து.

சாதிக் கொடுமை தாங்காது செறுமரும் பிறரும் இஸ்லாத்தைத் தழுவியதை ஆசான் காவியத்துள்ளேயே எடுத்துரைக்கின்றார். மதம் மாறிய அன்றே அவர்க்குப் பொது வழியில் நடக்கும் உரிமை வந்துவிடுவதைச் சுட்டி, குற்றத்தின் ஒரு பங்கைச் சாதி இந்துக்கள் மேலேயே வைக்கின்றார். இழந்தவர் தரப்பில் நின்று பாடத் தொடங்கிய கவிஞர், அத்தரப்பையே வினாவிற்கு உட்படுத்தும் துணிவு குறிப்பிடத்தக்கது. நாராயண குருவின் மாணவரும், எஸ்.என்.டி.பி. யோகத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவருமாகிய ஆசானுக்கு இவ்வினா நூலறிவால் வந்ததன்று.

5. பாரி மகளிரும் சாவித்திரியும்

தமிழ்ப் புறத்திணை மரபில் பகைவர் நாட்டை எரியூட்டலும் மனைகளைக் கொள்ளையிடலும் முறையே உழபுலவஞ்சி, மழபுலவஞ்சி எனத் துறைகளாகப் புறப்பொருள் வெண்பாமாலையில் வகுக்கப்பட்டுள்ளன. அவை வென்றோன் புகழாக அமைவன. அழிந்த நாட்டிற்கு இரங்கும் கொற்றவள்ளையும் வேந்தனின் புகழைக் கிளப்பதோடு சேர்ந்தே வருகின்றது. வீடிழந்தவரின் குரல் தனித்து ஒலிக்கும் அரிய இடங்களுள் ஒன்று பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112ஆம் பாட்டு.

தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டுகின்றார், இருவரும் மறுக்கின்றனர். பின் அம்மகளிர் பார்ப்பார்பால் அடைக்கலமாக்கப்பட்டதையும் கபிலர் வடக்கிருந்ததையும் கொளுக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. இங்குக் கபிலர் தேடுவது இழந்த நிலைக்கு ஈடான ஒரு குடியை. வேளிர் மகளிர்க்கு வேளிரே துணை என்பது அக்கால முறைமை. தம் வாழ்வைப் பற்றி அம்மகளிர் முடிவு கூறும் இடம் இல்லை.

சாவித்திரிக்குக் கபிலர் போன்ற துணைவர் எவரும் இல்லை. ஈடான குடியை அவள் தேடவுமில்லை. தேடியிருப்பினும், ஒரு புலையன் குடிலில் இரவு கழித்த பெண்ணை அன்றைய நம்பூதிரிச் சமுதாயம் ஏற்றிருக்காது. மீளவியலாத அந்நிலையில் அவளே முடிவு செய்கின்றாள். இரு நூல்களுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. எனினும் வீடிழந்த பெண் யார் வீட்டிற்குச் செல்வது என்பதே இரண்டிலும் வினா. பாரி மகளிர் பாட்டு இழப்பைப் பாடி நிறுத்துகின்றது. ‘துரவஸ்தா’ இழப்பின்பின் வரும் வாழ்வைப் பாடுகின்றது. சாத்தனின் நிலையிலிருந்து நோக்கின் இம்முடிவில் ஒரு குறையும் உண்டு. அவன் நல்லவனாக, பணிவானவனாக, கற்பிக்கப்படுபவனாகவே பெரும்பாலும் காட்டப்படுகின்றான். அவன் சினம் கொள்ளும் இடம் இல்லை. புகல் கேட்டு வந்தவளே வழிகாட்டியாகவும் ஆகிவிடுகின்றாள்.

6. எழுதப்படாத பங்கு

முன்னர்க் கூறிய இழந்தது, கண்டது, கேட்டது என்னும் பகுப்பை இக்காவியத்திற்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஆசான் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர். கிளர்ச்சியை நேரில் கண்டவர் அல்லர். செய்தித்தாள்களும் அகதிகளின் கூற்றுகளுமே அவர்க்கு எட்டியவை. ஆகவே காவியத்தில் கிளர்ச்சியாளர் வரும் பகுதிகள் கேட்டது என்னும் அடுக்கைச் சேர்ந்தன. அங்கே அவர்க்கு முகமில்லை, பெயரில்லை, வயலில்லை, குத்தகைச் சீட்டில்லை. ஒரு சமயத்தாரைச் சுட்டும் கடுமையான அடைமொழிகளே உள்ளன. நூல் வெளிவந்த காலத்திலேயே முஸ்லிம் வாசகரிடையே இதற்கு எதிர்ப்பு எழுந்தமை இயல்பே.

சாத்தன் ஏன் சாத்தனானான் என்று கேட்ட கவிஞர், தீவட்டி ஏந்தியவன் ஏன் ஏந்தினான் என்று அதே ஆழத்தில் கேட்கவில்லை. மதமாற்றத்தின் காரணத்தைச் சாதியில் கண்டவர், கிளர்ச்சியின் காரணத்தை நிலத்தில் காணவில்லை. காரணம் அறிவது கொலையை ஏற்பதாகாது. சாவித்திரியின் துயரைக் குறைப்பதும் ஆகாது. எலிசபெத் பிரைஸின் குழந்தைகள் இறந்த துயர், அயர்லாந்தின் நிலப்பறிப்பை நாம் அறிவதால் இம்மியும் குறைவதில்லை. அப்பறிப்பை அறியாது அவ்வாக்குமூலத்தை மட்டும் படித்தோர்தாம் அதனை மற்றொரு பறிப்புக்குக் கருவியாக்கினர். இக்கிளர்ச்சியின் குடியானவப் பின்புலத்தைக் கான்ராட் வுட் (1987), கே.என். பணிக்கர் (1989) ஆகியோரின் நூல்கள் விரிவாக நிறுவியுள்ளன. அவற்றைக் கற்றபின் ‘துரவஸ்தா’வைப் படிப்போர் இந்த இடைவெளியைக் காணாதிருக்க இயலாது.

7. ஒரு நம்பூதிரியின் மாற்றுக் கணக்கு

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் நூல் பாலக்காட்டு மண்ணிலிருந்தே கிடைக்கின்றது. செர்ப்புளச்சேரியைச் சேர்ந்த மோழிக்குன்னத்து பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு காங்கிரசு ஊழியர். பிறப்பால் சாவித்திரியின் சமுதாயத்தவர்; கிளர்ச்சி கொளுத்திய இல்லங்களைப் போன்றதோர் இல்லத்தவர். கிலாபத் பணியில் ஈடுபட்டமையால் அரசு அவரைக் கலகக்காரர் எனக் கைது செய்து துன்புறுத்திச் சிறையிலடைத்தது. விடுதலை பெற்று வந்தவரைச் சொந்தச் சாதியார் விலக்கி வைத்தனர். இவ்வனுபவங்களை ‘கிலாபத் ஸ்மரணக’ளில் அவர் பதிந்துள்ளார்.

இந்நூலின் சிறப்பு, அது கண்டது என்னும் அடுக்கில் நிற்பது. இங்கு இழப்பு நேர்வது அரசின் கையாலும் சாதியின் கையாலும். இல்லத்தை இழக்காமலே இல்லத்தார் என்னும் நிலையை ஒருவர் இழக்க முடியும் என்பதை இது காட்டுகின்றது. ஆசான் கற்பனையால் சாவித்திரிக்கு அமைத்த சாதி இழப்பு, இங்கு வாழ்ந்தவர் ஒருவரின் வரலாறாக அமைகின்றது. ‘துரவஸ்தா’வில் இல்லாத மாப்பிளச் சிறைத்தோழர் முகங்களும் இத்தகைய நூல்களிலேயே நமக்குத் தெரிகின்றன. எனவே இவ்விரு நூல்களையும் இணைத்துப் பயிலுதல் நன்று.

8. முடிவுரை

இழப்புக் கணக்குகள் பழைய ஏடுகளோடு முடிந்துவிடுவதில்லை. 2021இல், கிளர்ச்சியின் நூற்றாண்டில், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று விடுதலைப் போராட்டத் தியாகிகள் அகராதியிலிருந்து ஆலி முஸ்லியார், வாரியன்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி, சரக்குப் பெட்டியில் மாண்டோர் உள்ளிட்ட 387 பெயர்களை நீக்குமாறு பரிந்துரைத்தது. அயர்லாந்தில் வேறொன்று நிகழ்ந்தது. 1641இன் வாக்குமூலங்கள் அனைத்தும் 2010இல் மின்வடிவில் எவரும் படிக்கத் திறந்துவிடப்பட்டன. அவ்விழாவில் கத்தோலிக்கரான குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீசும், புரோட்டஸ்டண்டுத் தலைவர் இயன் பெய்ஸ்லியும் ஒரே மேடையில் பேசினர். கணக்கை மூடிவைப்பதினும் முழுமையாகத் திறந்துவைப்பதே பகை தணிக்கும் வழி என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

கிளர்ச்சிக்குப்பின் தண்டனை பெற்ற மாப்பிளமார் பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டு, பின்னர்க் குடும்பத்தோடு அங்கேயே குடியமர்ந்தனர். தென் அந்தமானில் திரூர், வண்டூர், மன்னார்க்காடு என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தம் ஊரை இழந்தோர் அதன் பெயரை மட்டும் எடுத்துச் சென்று, தாமே குடியேறிகளாயினர். இக்குடும்பங்களின் இழப்பைப் பாட ஆசானின் காவியத்தில் இடம் அமையவில்லை.

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: ‘துரவஸ்தா’ ஒரு குடும்பத்தின் அழிவைப் பழிவாங்கும் கூக்குரலாக்காமல், தன் சமுதாயத்தை நோக்கிய வினாவாக்கியது, அதனால் இழப்புக் கணக்கு என்னும் வகையினும் உயர்ந்து நிற்கின்றது. சாதியளவில் அது கேட்ட வினாவை நில உறவளவில் கேட்கவில்லை. அதனால் கிளர்ச்சியாளர் அக்காவியத்தில் மனிதராகத் தோன்றவில்லை. வெற்றி, குறை ஆகிய இரண்டையும் ஒருசேரக் கொண்டே இந்நூல் மதிப்பிடப்படல் வேண்டும். குறையை மட்டும் காட்டி நூலை ஒதுக்குவோர் சாத்தனின் குடிலை இழப்பர். துயரத்தை மட்டும் எடுத்து வெறுப்புக்குப் பயன்படுத்துவோர், ஆசான் தம் சமுதாயத்தாரை நோக்கிக் கேட்ட வினாவையே மறைத்துவிடுவர்.